சிப் போட்டவன் எல்லாம் திருடனா?

“சிப் போட்டதா? அப்போ திருட்டு சிடிதான்.” பழைய கேம் கன்சோல் பற்றிப் பேச்சு வந்தால் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் சென்னையிலும் இந்த ஒரு வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கடைக்காரர் சொல்கிறார், அப்பா சொல்கிறார், கம்ப்யூட்டர் படித்த அண்ணனும் சொல்கிறார். தயாரித்த நிறுவனம் போட்ட பூட்டைத் திறந்து, அது அனுமதிக்காத மென்பொருளை ஏற்றுவது சட்டவிரோதம், ஏற்றுகிறவன் திருடன், ஏற்றினால் கருவி பாழ், நம் பிள்ளைகளுக்கு அதில் ஒரு பயனும் கிடையாது. இந்த நான்கும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே கருத்தாகப் புழங்குகின்றன. நான்குமே தவறு. முதல் இரண்டும் நம் நாட்டுச் சட்டத்தின் எழுத்துக்கே மாறானவை.

இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது என்பது தெரிந்த கதைதான். சோனியின் பிளேஸ்டேஷன் 2 வெளிவந்தது 2000-இல். 2013 தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும்வரை உலகெங்கும் 15 கோடிக்கு மேல் விற்ற கருவி அது. தமிழ்நாட்டில் பலரும் அதைப் பார்த்தது ‘சிப் போட்ட’ வடிவத்தில்தான். மதர்போர்டில் மெல்லிய கம்பிகளைப் பற்றவைத்து ஒரு சின்ன சிப்பை இணைத்துவிட்டால் நகல் டிஸ்க்கும் ஓடும். டிஸ்க்குக்கு ரிச்சி ஸ்ட்ரீட், பர்மா பஜார். மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட கேம் கடைகள் அந்த நகல் டிஸ்க்குகளை நம்பியே நடந்தன. அது பதிப்புரிமை மீறல். அதற்கு யாரும் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை, இந்தக் கட்டுரையும் வாங்கவில்லை.

ஹோம்ப்ரூ என்பது வேறு. கருவியை உருவாக்கிய நிறுவனத்தின் உரிமம் இல்லாமல், ஆர்வலர்கள் தாங்களே எழுதி, பெரும்பாலும் இலவசமாகத் தரும் நிரல்களுக்குத்தான் அந்தப் பெயர். டெவ்கிட்ப்ரோ என்ற இலவசக் கருவித் தொகுப்பை இறக்கி, சி மொழியில் எழுதி, நிண்டெண்டோவின் டிஎஸ், 3டிஎஸ், வீ, ஸ்விட்ச் கருவிகளுக்கு ஏற்றபடி தொகுக்கலாம். எழுதியவர் அவர், ஓட்டும் கருவி அவருடையது. இதில் யாருடைய பொருள் களவு போனது?

‘பூட்டு களவு போனது’ என்பார்கள். சரி, சட்டத்தையே பார்ப்போம்.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 2012-இல் திருத்தப்பட்டது. அந்த ஆண்டு ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் 65ஏ என்ற பிரிவு புதிதாகச் சேர்ந்தது. பதிப்புரிமையைக் காக்கும் தொழில்நுட்பப் பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு என்பது இந்தப் பிரிவுதான். மிரட்டுகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதே வாக்கியத்தில் இருக்கும் நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள். அந்த உரிமைகளை மீறும் நோக்கத்தோடு உடைத்திருந்தால்தான் குற்றம். அதோடும் நிற்கவில்லை சட்டம். அடுத்த உட்பிரிவிலேயே, இந்தச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத ஒரு காரியத்துக்காகப் பூட்டைத் திறப்பதை இந்தப் பிரிவு தடுக்காது என்று எழுதி வைத்திருக்கிறது. தானே எழுதிய நிரலைத் தன் கருவியில் ஓட்டுவதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் எந்தப் பிரிவு தடை செய்கிறது? தேடிப் பாருங்கள், கிடைக்காது.

52-ஆம் பிரிவையும் கூடவே படிக்க வேண்டும். பதிப்புரிமை மீறல் ஆகாத செயல்களின் பட்டியல் அது. ஒரு கணினி நிரலை முறையாக வைத்திருப்பவர், இழப்போ சேதமோ வந்தால் காத்துக்கொள்ள ஒரு காப்பு நகல் எடுக்கலாம். தனியே எழுதிய இன்னொரு நிரல் அதோடு இணைந்து இயங்குவதற்கு வேண்டிய விவரம் எளிதில் கிடைக்காவிட்டால், அதைத் தெரிந்துகொள்ளத் தேவையானதைச் செய்யலாம். நிரல் எந்தத் தத்துவத்தில் இயங்குகிறது என்று அதை ஓட்டிப் பார்த்து ஆராயலாம். பழைய பிஎஸ்2-இல் முதலில் பழுதாவது லென்ஸ். டிஸ்க் சுற்றிக்கொண்டே இருக்கும், படிக்காது. அப்படிப்பட்ட கருவியில் ஃப்ரீ மெக்பூட் ஏற்றிய மெமரி கார்டைச் செருகினால் (கடைசியாக வந்த சில மாடல்கள் தவிர), கருவியைப் பிரிக்காமலே, கம்பி பற்றவைக்காமலே, சொந்த டிஸ்க்கின் நகலை யுஎஸ்பி வழியாக ஓட்டலாம். காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் அலமாரியில் இருக்கிறது; அதைப் படிக்கும் லென்ஸ்தான் இல்லை. காப்பு நகலுக்குச் சட்டம் இடம் விட்டது இப்படிப்பட்டவருக்காகத்தான்.

பயம் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானது. அங்கே 1998-இல் வந்த டிஎம்சிஏ சட்டம், பூட்டைத் திறப்பதையே தனிக் குற்றமாக்கியது. திறந்த பிறகு என்ன செய்தாய் என்று அது கேட்பதில்லை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மனுப் போட்டு விலக்கு வாங்க வேண்டும். 2010-இல் செல்போன்களுக்கு விலக்கு கிடைத்தது. கேம் கன்சோலுக்குக் கேட்டபோதெல்லாம் மறுத்துவிட்டு, 2021-இல் பழுதான டிஸ்க் டிரைவை மாற்றும் அளவுக்கு மட்டும் கதவைத் திறந்தார்கள். 2022-இல் கேரி பௌசருக்கு 40 மாதச் சிறை கிடைத்த செய்தியை இங்கே பலரும் எடுத்துக் காட்டுகிறார்கள். அவர் சேர்ந்திருந்த டீம் எக்ஸிக்யூட்டர் குழு, திருட்டு விளையாட்டுகளை ஓட்டுவதற்கான கருவிகளை உலகம் முழுக்க விற்றுப் பணம் பார்த்த கும்பல். அமெரிக்கச் சட்டத்தில், வியாபாரமாகச் செய்த குற்றத்துக்கு வந்த தண்டனை அது. அந்தச் செய்தியைக் காட்டித் திண்டிவனத்துப் பிள்ளையை மிரட்டுவதில் நியாயமே இல்லை.

உலகம் முழுதும் அமெரிக்கா போலவும் இல்லை. ஆஸ்திரேலியாவில் சிட்னிக்காரரான ஸ்டீவன்ஸ் மீது சோனி போட்ட வழக்கில், 2005 அக்டோபரில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் சோனிக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. அவர் விற்ற மோட் சிப் அந்நாட்டுச் சட்டம் சொன்ன பொருளில் பதிப்புரிமைப் பூட்டை மீறவில்லை என்பது முடிவு. 2014 ஜனவரியில் நிண்டெண்டோ–பிசி பாக்ஸ் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் இன்னும் நுட்பமாகப் பேசியது. நிறுவனம் போடும் பூட்டு அனுமதியற்ற நகலைத் தடுக்கும் அளவுக்கு மட்டும்தான் பாதுகாப்புப் பெறும். தேவைக்கு மேல் பூட்டியிருக்கிறதா, பூட்டைத் திறக்கும் கருவியை மக்கள் நடைமுறையில் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதையெல்லாம் உள்நாட்டு நீதிமன்றம் எடைபோட வேண்டும் என்றது. நம் சட்டம் ‘நோக்கம்’ என்று சொன்னதும் இந்தத் திசையில்தான்.

இப்போது பெருமுக்கலுக்கு வருவோம். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில், குன்றின் மேல் கோயிலும் பழைய கோட்டையின் மிச்சமும் உள்ள ஊர். அந்த ஊரில் அரசுப் பள்ளியில் படித்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவளுக்கும் ஒன்று கிடைத்தது. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. வேண்டாததை நீக்கினாள், வேண்டியதை ஏற்றினாள், தானே எழுதிய நிரலையும் ஓட்டினாள். யாரும் அவளைத் திருடி என்று சொல்லவில்லை. சில ஆண்டு கழித்து அவள் தம்பி செகண்ட் ஹேண்டில் ஒரு நிண்டெண்டோ 3டிஎஸ் வாங்குகிறான். அதிலும் செயலி இருக்கிறது, நினைவகம் இருக்கிறது, திரை இருக்கிறது, மெமரி கார்டு போடும் இடம் இருக்கிறது. அதுவும் கணினிதான். அரசு சும்மா கொடுத்த கணினியில் அக்காவுக்கு இருக்கும் உரிமை, சொந்தக் காசில் வாங்கிய கணினியில் தம்பிக்கு ஏன் இல்லை? அதே ஊரில் டிவிஎஸ் எக்ஸ்எல் வைத்திருப்பவர் பால் கேன் மாட்ட இரு பக்கமும் இரும்புக் கொக்கி பற்றவைத்து ஓட்டுகிறார். ஓசூரிலிருந்து அனுமதிக் கடிதம் வந்ததா என்று எவரும் கேட்பதில்லை.

“வாங்கும்போதே நிபந்தனையை ஒத்துக்கொண்டாயே” என்பது இங்கே வரும் பதில். பார்க்க வலுவான வாதம். ஆனால் நிபந்தனையை முதலில் மீறியது யார் என்று வரலாறு காட்டுகிறது.

2002-இல் சோனியே பிஎஸ்2-க்கு லினக்ஸ் கிட் விற்றது: ஹார்டு டிஸ்க், கீபோர்டு, மௌஸ் எல்லாம் சேர்த்து. 2006 நவம்பரில் பிஎஸ்3 வந்தபோது ‘அதர் ஓஎஸ்’ என்ற வசதி இருந்தது, லினக்ஸ் ஏற்றிக்கொள்ளலாம். அதை நம்பி அமெரிக்க விமானப்படை ஆய்வகம் 1,760 பிஎஸ்3 கருவிகளை ஒன்றாக இணைத்து ‘காண்டர் கிளஸ்டர்’ என்ற மீக்கணினியையே அமைத்தது. 2010 ஜனவரியில் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற இளைஞர் அந்த வசதியின் வழியே கருவியின் ஆழத்துக்குப் போக முடியும் என்று காட்டினார். ஏப்ரல் 1 அன்று 3.21 என்ற அப்டேட்டில் சோனி அந்த வசதியை எடுத்துவிட்டது. அப்டேட் செய்யாதவர் ஆன்லைனில் விளையாட முடியாது. செய்தவருக்கு லினக்ஸ் இல்லை. விளம்பரப்படுத்தி விற்ற வசதி, விற்று மூன்றரை ஆண்டுக்குப் பிறகு வீட்டுக்குள் வந்து பறிக்கப்பட்டது. வாடிக்கையாளர்கள் தொடுத்த வழக்கு நீண்டு, கடைசியில் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது.

அதன் பிறகு நடந்ததுதான் ‘பூட்டு திருட்டைத் தடுக்கிறது’ என்பவர்கள் கவனிக்க வேண்டியது. அதர் ஓஎஸ் இருந்த காலம் முழுக்க பிஎஸ்3 திருட்டு விளையாட்டுக்கு அசைந்துகொடுக்கவில்லை. அது பறிபோன சில மாதங்களில், 2010 ஆகஸ்டில், யுஎஸ்பியில் செருகும் ஜெயில்பிரேக் வந்தது. டிசம்பரில் பெர்லினில் நடந்த மாநாட்டில் ஃபெயில்ஓவர்ஃப்ளோ குழுவினர் சோனியின் கையொப்ப முறையையே மேடையில் பிரித்துக் காட்டினார்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டிய ஓர் எண்ணை சோனி மாற்றாமலே பயன்படுத்தியிருந்தது. அதை வைத்து ரகசியச் சாவியையே கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். லினக்ஸ் ஓட்ட விரும்பும் திறமைசாலிகளுக்கு நேர்வழி இருந்தவரை பூட்டை உடைக்க அவர்களுக்குக் காரணம் இருக்கவில்லை, வழியை அடைத்ததும் காரணம் கிடைத்தது என்பதே அன்று மேடையில் அவர்கள் வைத்த வாதம். ஆண்டு வரிசை அதற்குச் சாட்சி.

ஹோம்ப்ரூகாரர்களைத் திருடர் என்பவர்கள் அவர்களுடைய மென்பொருளை ஒருமுறையேனும் ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். வீ கருவிக்கான ஹோம்ப்ரூ சேனல் 2008-இல் வந்தது. அதை நிறுவத் தொடங்கினால் முதலில் வருவது ஓர் எச்சரிக்கை: இதற்கு நீங்கள் பணம் கொடுத்திருந்தால் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள், பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அதை எழுதியவர்களில் ஒருவரான ஹெக்டர் மார்ட்டின், 2025 ஏப்ரலில் அந்தத் திட்டத்தையே நிறுத்தினார். அது சார்ந்திருந்த லிபாக்சி என்ற நூலகத்தில், ஆர்டெம்ஸ் என்ற திறந்த மூலத் திட்டத்தின் குறிமுறை பெயர் குறிப்பிடாமல் எடுத்தாளப்பட்டிருக்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. இலவச மென்பொருளிலேயே அடுத்தவர் உழைப்புக்குப் பெயர் போடாததற்காகத் தன் பதினேழு ஆண்டுப் பணியை மூடிவைக்கிறவரைத் திருடர் கூட்டத்தில் எப்படிச் சேர்ப்பது?

கருவி பாழாகும் என்ற பயத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. படிக்காமல் பாதியில் மின்சாரத்தை அணைத்தாலோ, யாரோ கொடுத்த கோப்பைக் கண்மூடி ஏற்றினாலோ கருவி செங்கல்லாகிவிடும். அதற்கு மாற்றையும் இதே ஆர்வலர்கள்தான் செய்துவைத்திருக்கிறார்கள். வீ-க்கு பூட்மீ, 3டிஎஸ்ஸுக்கு காட்மோட்9. உள்நினைவகத்தை முழுதாக மெமரி கார்டில் நகலெடுத்து வைத்தால் பெரும்பாலான விபத்துகளிலிருந்து மீட்டுவிடலாம். மாற்றிய கருவியோடு ஆன்லைனுக்குப் போனால் நிறுவனம் கணக்கை முடக்கலாம் என்பதும் மெய். வாரன்டி போகும். இவை எல்லாம் உரிமையாளர் தெரிந்தே ஏற்க வேண்டிய விளைவுகள். குற்றத்துக்கு அத்தாட்சி ஆகா. கருவியைப் பாழாக்கும் அதிகாரத்தை இன்று எழுதி வைத்திருப்பது யார் தெரியுமா? 2025 மே மாதம் திருத்திய அமெரிக்கப் பயனர் ஒப்பந்தத்தில், விதியை மீறினால் கருவியை நிரந்தரமாகப் பயனற்றதாக்கலாம் என்று நிண்டெண்டோ சேர்த்திருக்கிறது. காசு கொடுத்தவர் வீட்டில் இருக்கும் பொருளை!

மீறாவிட்டாலும் பொருள் தேய்கிறது. வீ கடை 2019 ஜனவரி 30-இல் மூடப்பட்டது. 3டிஎஸ், வீ யூ கடைகள் 2023 மார்ச் 27-இல் மூடப்பட்டன. அவற்றின் ஆன்லைன் சேவை 2024 ஏப்ரலில் நின்றது. பெருமுக்கல் தம்பி இன்று 3டிஎஸ்ஸுக்கு ஒரு புது விளையாட்டை அதில் பணம் கட்டி இறக்க நினைத்தாலும் முடியாது. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் 2010-க்கு முன் வந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்கிறது. நிறுவனம் கைகழுவிய கருவியில் புதிய நிரல் எழுதி உயிரோடு வைத்திருப்பது ஹோம்ப்ரூகாரர்கள் மட்டுமே.

இனி நான்காவது: நம் பிள்ளைக்கு இது எதற்கு?

படிப்புக்கு. 2008-இல் வீ திறந்த கதை கணினிப் பாடப் புத்தகத்தின் ஓர் அத்தியாயம். ‘செல்டா: ட்வைலைட் பிரின்சஸ்’ விளையாட்டில் நாயகனின் குதிரைக்குப் பெயர் வைக்கலாம். அந்தப் பெயருக்கு ஒதுக்கிய இடம் சிறியது. சேமித்த கோப்பில் பெயரை அளவுக்கு மீறி நீளமாக்கினால் அது பக்கத்து நினைவகத்தில் வழிந்து, அங்கே வைத்த நிரல் ஓடத் தொடங்கும். பஃபர் ஓவர்ஃப்ளோ என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்வது இதைத்தான். அதே கருவியில் கையொப்பத்தைச் சரிபார்க்கும் இடத்தில் பைட் வரிசையை ஒப்பிடும் கட்டளைக்குப் பதிலாக எழுத்துச் சரத்தை ஒப்பிடும் கட்டளையைப் போட்டுவிட்டார்கள். சுழியம் வந்த இடத்தில் அது ஒப்பீட்டை நிறுத்திவிடும். ஒரே ஒரு சி கட்டளையில் வந்த பிழை, ஒரு பெரிய நிறுவனத்தின் பாதுகாப்பைச் சாய்த்தது. சாவிகளை வெளியே எடுக்க, வீ-யைத் திறந்த குழு பயன்படுத்திய ஆயுதம் ஓர் இடுக்கி. குழுவின் பெயரே அதிலிருந்து வந்தது, டீம் ட்வீசர்ஸ். டிஎஸ், 3டிஎஸ் இரண்டிலும் இருப்பவை ஏஆர்எம் செயலிகள், நம் செல்போன்களில் இருக்கும் அதே குடும்பம். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் உள்ள பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரிகளின் மாணவர்களுக்கு இதைவிட மலிவான ஆய்வுக்கூடம் அமையாது.

தமிழுக்கும்தான். பிளேஸ்டேஷன், நிண்டெண்டோ கருவிகளின் மெனுவில் தமிழ் கிடையாது. இந்தியாவில் உருவான முதல் பிஎஸ்2 விளையாட்டான ‘ஹனுமான்: பாய் வாரியர்’ வந்தது 2009-இல், கருவி பிறந்து ஒன்பது ஆண்டு கழித்து. டொரொன்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட ‘வெண்பா’ தமிழ்க் குடும்பத்தின் சமையலைக் கன்சோலுக்குக் கொண்டுபோய், அடுத்த ஆண்டு பாஃப்டா விருதும் வாங்கியது. பெருமைதான். ஆனால் அது நிறுவனமாகப் பதிந்து, உரிமம் பெற்று, அதிகாரபூர்வமான கருவித் தொகுப்பு வாங்கிச் செய்த வேலை. பெருமுக்கலில் ப்ளஸ் டூ படிக்கும் ஒருவருக்கு அந்த வழி கிடையாது.

ஹோம்ப்ரூ வழி உண்டு. 3டிஎஸ்ஸில் இரண்டு திரை: மேலே படம், கீழே தொட்டு எழுதும் பலகை. மேலே ‘கொக்கு’ படம் வர, கீழே குழந்தை எழுத்தைத் தொட்டுக் கூட்டும் ஒரு சின்ன நிரலை எழுதத் தொடங்கினால் முதல் சிக்கலே பாடமாக வரும். ‘கொ’ என்பது கோப்பில் ககரமும் ஓர் உயிர்க்குறியுமாக அடுத்தடுத்து இருக்கும். திரையில் கொம்பு முன்னால் வந்து, க நடுவில் நின்று, கால் பின்னால் போக வேண்டும். சாதாரண எழுத்துரு நிரல் அதைத் தாறுமாறாகப் போடும். அதைச் சரிசெய்யும் பிள்ளை யூனிகோடையும் எழுத்துரு வடிவமைப்பையும் கைப்பழக்கமாகக் கற்றுவிடும்.

தமிழ் பூட்டைத் திறந்து உள்ளே வருவது இது முதல்முறையும் அல்ல. 2010, 2011 வாக்கில் வாங்கிய ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ்ப் பக்கங்கள் வெறும் கட்டங்களாகத் தெரிந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். ஓபரா மினியில் ‘opera:config’ பக்கத்தைத் திறந்து ஓர் அமைப்பை மாற்றினால் தமிழ் படமாக வரும். அது போதாதவர்கள் போனை ரூட் செய்து தமிழ் எழுத்துருவை உள்ளே வைத்தார்கள். ஆண்ட்ராய்டு 4.0 வந்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. அதுவரை தமிழைப் படிக்க வைத்தவர்கள், தயாரிப்பாளர் அனுமதிக்காததைத் தம் சொந்தக் கருவியில் செய்தவர்கள். அவர்களை அன்று யாரும் திருடர் என்று சொல்லவில்லை.

விழுப்புரத்தில் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு, கட்டற்ற மென்பொருளை மாணவர்களுக்குக் கட்டணமின்றிக் கற்றுத்தருகிறது. பழைய 3டிஎஸ்ஸையும் பிஎஸ்2-ஐயும் அப்படிப்பட்ட மேசைகளில் வையுங்கள். கல்லூரி ஆசிரியர்கள் கன்சோலுக்கு எழுதிய தமிழ் நிரலை இறுதியாண்டு புராஜெக்டாக ஏற்றுக்கொள்ள வேண்டும். பெற்றோர், பிள்ளை கருவியைத் திறந்ததைக் கண்டால், என்ன ஏற்றப் போகிறாய் என்று முதலில் கேட்கட்டும். நகல் விளையாட்டு என்றால் தடுக்கட்டும், தன் நிரல் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். திண்டிவனத்துக் கடைக்காரர்கள் ஒரு நோட்டுப் போட வேண்டும். நியாயமான காரியத்துக்காகப் பூட்டைத் திறக்க இன்னொருவருக்கு உதவுகிறவர், உதவி பெறுகிறவரின் பெயர், முகவரி, அடையாள விவரம், எதற்காகத் திறந்தோம் என்ற நோக்கம் இவற்றை எழுதி வைக்க வேண்டும் என்று 65ஏ பிரிவு சொல்கிறது.